கையளவுப் போர்க்கப்பல்களும் கிழக்குக் கரைக் கடலும்



தென்னம்பாளையைத் தோணியாகப் பாவித்துத் தண்ணீரில் மிதக்கவிட்டு மகிழாத சிறுவரை, ஒலுவில் முதலான கிழக்குக் கரையூர்களிலே காண்பது அரிது. பெரிய பொருளொன்றைச் சிறிதாக்கிக் கைக்குள் அடக்கிப் பார்க்கும் ஆசை மனிதனுக்கு இயல்பானது. அந்த ஆசையுடன் அளவும் கணக்கும் கூடி முதிர்ந்தபோது, மாதிரிக் கப்பல் அமைக்கும் கலை பிறந்தது. அக்கலையுள்ளும் போர்க்கப்பல்களின் சிறு மாதிரிகளை அமைப்பது தனியொரு துறையாக வளர்ந்துள்ளது. இம்மாதிரிகள் வெறும் விளையாட்டுப் பொருள்கள்தாமா, அன்றி வரலாற்றைப் பேணும் சாதனங்களும் ஆகுமா என்பது சிந்திக்கத்தக்க வினாவாகும்.

இவ்வினா ஒலுவில் மக்களுக்குத் தொலைவானதன்று. ஒலுவிலிலிருந்து நிந்தவூர், காரைதீவு, சாய்ந்தமருது, கல்முனை என்னும் ஊர்களைக் கடந்து கரையோரமாக வடக்கே செல்வோர் மட்டக்களப்பை அடைவர். அந்நகருக்கு நேரே, கரையிலிருந்து சில மைல் தொலைவில், ஐம்பது மீற்றருக்கு மேற்பட்ட ஆழத்திலே, ‘ஹேர்மிஸ்’ என்னும் பிரித்தானியப் போர்க்கப்பல் கிடக்கின்றது. வேறு கப்பல்களை மாற்றியமைக்காது, விமானந்தாங்கிக் கப்பலாகவே தொடக்கத்திலிருந்து திட்டமிட்டு வரையப்பெற்ற கப்பல்களுள் அதுவே உலகில் முதலாவது எனக் கருதப்படுகின்றது. 1919ஆம் ஆண்டில் அது நீரில் இறக்கப்பட்டது. எனினும் வேலைகள் முற்றுப்பெற்றுச் சேவைக்கு வந்தது 1924ஆம் ஆண்டிலாகும். அதற்கிடையில் யப்பானியரின் ‘ஹோஷோ’ என்னும் கப்பல் 1922இலேயே சேவைக்கு வந்து முந்திக்கொண்டது. இத்தகைய சிறப்புடைய கப்பலை இன்று கரையில் நிற்போர் கண்ணாற் காண வழியில்லை. உலகின் பல நாடுகளிலும் மாதிரி அமைப்போரின் மேசைகளிலேதான் அது மீண்டும் உருப்பெறுகின்றது.

அம்மேசைகளின் வரலாறு மிகப் பழையது. இங்கிலாந்தில் 17ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து, அரச கடற்படைக்கான கப்பல்களின் மாதிரிகள் மரத்தினால் நுட்பமாக அமைக்கப்பட்டன. ஓர் அடியைக் கால் அங்குலமாகக் குறைப்பது, அதாவது நாற்பத்தெட்டில் ஒரு பங்காக்குவது, அவற்றின் வழக்கமான அளவுத்திட்டமாகும். கப்பலின் அடிப்பாகத்திலே பலகை வேயாது, விலா எலும்புகள் போன்ற மரச் சட்டங்கள் வெளித்தோன்றுமாறு விடுவது அக்காலத்து மரபு. நாட்குறிப்பினாற் புகழ்பெற்ற சாமுவேல் பீப்ஸ் என்பார், கடற்படை நிருவாகத்திற் பணியாற்றிய காலத்தில் இத்தகைய மாதிரிகளை விரும்பிச் சேர்த்தவர். அம்மாதிரிகள் பல இன்று கிறீனிச் நகரிலுள்ள கடல்சார் அரும்பொருட்சாலையிலே பேணப்படுகின்றன. மூலக் கப்பல்கள் உளுத்தும் எரிந்தும் மூழ்கியும் மறைந்தன. மாதிரிகள் எஞ்சி நின்று அக்காலத்துத் தச்சரின் அறிவுக்குச் சான்று பகர்கின்றன.

இதற்கு மாறான மரபொன்றும் உண்டு. நெப்போலியன் காலத்துப் போர்களிலே பிடிபட்டு இங்கிலாந்திற் சிறைவைக்கப்பட்ட பிரெஞ்சுக் கடலோடிகள், உணவிற் கிடைத்த இறைச்சியின் எலும்புகளைச் சேர்த்துச் சீவிப் போர்க்கப்பல் மாதிரிகளைச் செய்தனர். கயிறுகளுக்குத் தலைமயிரையும் பயன்படுத்தினர். அவற்றைச் சிறைச் சந்தையில் விற்றுச் சிறிது பணமும் ஈட்டினர். அவர்களிடம் வரைபடம் இல்லை. நினைவு ஒன்றே இருந்தது. ஆதலால் அம்மாதிரிகளின் அளவுகள் பெரும்பாலும் செம்மையாக அமையவில்லை. வரைபடத்தைக் கொண்டு செய்தது ஒரு மரபு. நினைவைக் கொண்டு செய்தது மற்றொன்று. இவ்வேறுபாடு நினைவில் இருத்தத்தக்கது.

இருபதாம் நூற்றாண்டிலே மாதிரிகள் போர்க்கருவிகளாகவும் பயன்பட்டன. கடலில் தொலைவிலே தோன்றும் நிழலுருவைக் கண்டு, அது நட்புக் கப்பலா பகைக் கப்பலா எனச் சில நொடிகளில் முடிவுசெய்யவேண்டிய நிலை கடற்படையினருக்கு ஏற்பட்டது. இம்முடிவு தவறினால் விளையக்கூடிய கேட்டுக்கு, 1941 மே மாதம் 26ஆம் தேதி நிகழ்ந்தது நல்ல எடுத்துக்காட்டாகும். செருமனியரின் ‘பிஸ்மார்க்’ கப்பலைத் தேடிப் பறந்த பிரித்தானிய விமானிகள், தம் நாட்டுக் கப்பலாகிய ‘ஷெபீல்ட்’ மீதே டோர்பிடோக்களை ஏவிவிட்டனர். அவற்றின் வெடிபொறி பழுதுற்றிருந்தமையாலேயே அக்கப்பல் தப்பியது. இத்தகைய மயக்கத்தைத் தவிர்ப்பதற்காகக் கப்பல்களின் சிறு மாதிரிகளைப் பல கோணங்களில் வைத்துக் காட்டிப் பயிற்சி அளித்தனர். நூறு அடியை ஓர் அங்குலமாக்கும் அளவுத்திட்டம், அதாவது 1,200இல் ஒரு பங்கு, இதற்குப் பெரிதும் வழங்கியது. நோதாம்ரன் நகரத்துப் பாசற்-லோக் நிறுவனத்தார் இவ்வளவில் மாதிரிகள் செய்வதிற் பெயர்பெற்றிருந்தனர். நீர்மட்டத்துக்கு மேலுள்ள பகுதியை மட்டும் காட்டுவது இவ்வகை மாதிரிகளின் இயல்பாகும்.

ஹேர்மிஸ் கப்பலின் இறுதி நாளை அறிந்தாலன்றி, அதன் மாதிரி கூறும் செய்தியை விளங்கிக்கொள்ளல் இயலாது. 1942 பெப்ரவரியில் சிங்கப்பூர் வீழ்ந்தபின், இந்து சமுத்திரத்தில் பிரித்தானியரின் முக்கிய தளமாக இலங்கை விளங்கியது. ஏப்ரல் 4ஆம் தேதி, கொக்கலையிலிருந்து பறந்த கனேடிய விமானியாகிய லெனாட் பேர்ச்சோல், இலங்கையை நோக்கி வரும் யப்பானியக் கப்பற்படையைக் கண்டு செய்தி அனுப்பினார். மறுநாள், ஈஸ்ரர் ஞாயிறன்று, கொழும்பு தாக்கப்பட்டது. ஏப்ரல் 9ஆம் தேதி திருக்கோணமலையின் முறை வந்தது. எச்சரிக்கை கிடைத்திருந்தமையால், ஹேர்மிஸ் முதல் நாளிரவே துறைமுகத்தை விட்டு ‘வாம்பயர்’ என்னும் அவுஸ்திரேலிய நாசகாரிக் கப்பலுடன் கரையோரமாகத் தெற்கே சென்றது. காலையில் யப்பானிய வேவு விமானமொன்று அதனைக் கண்டுகொண்டது. கப்பல் திருக்கோணமலையை நோக்கித் திரும்பியது. கரையிலிருந்து காவல் விமானங்கள் உரிய நேரத்தில் வந்துசேரவில்லை. எண்பதளவான குண்டு விமானங்கள் பாய்ந்து தாக்க, விமானந்தாங்கிகளுள் முன்னோடியாகிய அக்கப்பல் அரைமணி நேரத்துள் கடலடி சேர்ந்தது. தளபதி றிச்சட் ஒன்ஸ்லோ உட்பட 307 பேர் மாண்டனர். வாம்பயரும் இரண்டாகப் பிளந்து மூழ்கியது. அவ்வழியே வந்த ‘வீற்றா’ என்னும் வைத்தியசாலைக் கப்பல் 590 பேரளவில் மீட்டெடுத்தது.

போர் முடிந்து கால் நூற்றாண்டு கழிந்த பின், 1971ஆம் ஆண்டிலே, யப்பானின் ஷிசுவோக்கா நகரத்து நிறுவனங்கள் நான்கு ஒன்றுகூடின. தமியா, ஹசெகாவா, அவோஷிமா, புஜிமி என்பன அவை. ஒருவர் செய்யும் கப்பலை மற்றவர் செய்யாது தமக்குள் பங்கிட்டுக்கொண்டு, 700இல் ஒரு பங்கு அளவுத்திட்டத்தில், நீர்மட்டத்துக்கு மேலுள்ள பகுதியைக் காட்டும் பிளாஸ்ரிக் மாதிரிகளை வெளியிட்டனர். ஹேர்மிஸின் மாதிரியும் பின்னாளில் அவோஷிமா நிறுவனத்திலிருந்து வெளிவந்தது. தம் நாட்டு விமானங்கள் மூழ்கடித்த கப்பலை அந்நாட்டுத் தொழிலாளரே சிறு துண்டுகளாக வார்த்துப் பெட்டியிலிட்டு உலகெங்கும் அனுப்பினர். பகை தீர்ந்தபின் எஞ்சுவது அளவும் உருவமுமே போலும்.

இம்மாதிரியைச் செம்மையாக அமைக்க முற்படுபவன் முதலிற் கணக்கை எதிர்கொள்கின்றான். ஏறத்தாழ 600 அடி நீளமுள்ள கப்பல், 700இல் ஒரு பங்காகும்போது 26 சென்ரிமீற்றர் ஆகின்றது. 70 அடி அகலம் மூன்று சென்ரிமீற்றராகச் சுருங்குகின்றது. நீளம் எழுநூறில் ஒரு பங்கானால், கனவளவும் நிறையும் எழுநூறை மும்முறை பெருக்கிய அளவுக்குக் குறைதல் வேண்டும். ஆகவே 10,850 தொன் நிறையுள்ள கப்பலின் உண்மையான சிறுவடிவம் முப்பத்திரண்டு கிராம் அளவே நிறுக்கும்! தளத்திலே நிற்கும் ஒரு மனிதனின் உயரம் இரண்டரை மில்லிமீற்றர். அரிசிமணியொன்றின் பாதியிலும் அவன் சிறியவன். ஓரங்குலத் தடிப்புள்ள இரும்புத் தகடு தலைமயிரினும் மெல்லியதாகிவிடுகின்றது. அத்துணை மெல்லிய தகட்டை வார்க்க இயலாமையால், கைப்பிடிக் கம்பிகளையும் ஏணிகளையும் அமிலத்தால் அரித்தெடுத்த பித்தளைத் தகட்டிலிருந்து வெட்டி ஒட்டுகின்றனர். கொடிமரத்துக் கயிறுகளுக்கு, பிளாஸ்ரிக் குச்சியொன்றை மெழுகுதிரிச் சுடரில் இளக்கி, இழுத்து, நூலாக்கிக்கொள்கின்றனர். நிறத்திலும் நுட்பமுண்டு. ஓரடித் தொலைவிலிருந்து இம்மாதிரியைப் பார்ப்பது, உண்மைக் கப்பலை 700 அடித் தொலைவிலிருந்து பார்ப்பதற்கு ஒப்பாகும். தொலைவிலே நிறம் மங்கித் தோன்றுமாதலால், சாம்பல் நிறத்தைச் சிறிது வெளுப்பாக்கியே பூசுகின்றனர்.

கணக்குக்கு அடுத்ததாக எழுவது காலத்தைப் பற்றிய வினா. எந்த நாளின் கப்பலை அமைப்பது? 1924ஆம் ஆண்டுக் கப்பலும் 1942ஆம் ஆண்டுக் கப்பலும் ஒன்றல்ல. இடையிலே துப்பாக்கிகள் கூட்டப்பட்டன. 1940 யூலையிலே ஆபிரிக்காவின் மேற்குக் கரையருகில், கடும் மழையில் ‘கோர்பு’ என்னும் கப்பலுடன் மோதி ஹேர்மிஸின் முன்பகுதி சிதைந்து பின்னர் செப்பனிடப்பட்டது. இத்தகைய மாற்றங்களை அறியப் பழைய ஒளிப்படங்களை ஆராய்தல் வேண்டும். அவற்றுள் மிகவும் முக்கியமானவை, அக்கப்பல் எரிந்து சரியும் வேளையில் யப்பானிய விமானங்களிலிருந்து எடுக்கப்பட்டவையாகும். அழித்தவர் எடுத்த படமே அழிந்ததற்குச் சான்றாக நிற்பதும் வரலாற்றின் விந்தைகளுள் ஒன்று.

ஏப்ரல் 9ஆம் தேதியின் கப்பலை அமைக்கத் துணிபவன், தன் பெட்டியிலுள்ள சின்னஞ்சிறு விமானங்களை எடுத்து மேற்றளத்தில் அழகாக அடுக்க விரும்புவான். விமானந்தாங்கிக்கு விமானமன்றோ அணி! ஆனால் அன்று ஹேர்மிஸில் ஒரு விமானமேனும் இருக்கவில்லை. அதற்குரிய விமானங்கள் கரையில் விடப்பட்டிருந்தன. ஆகவே உண்மையான மாதிரியின் தளம் வெறுமையாக இருத்தல் வேண்டும். அழகைக் குறைக்கும் அந்த வெறுமையே, பாதுகாப்பின்றிச் சென்ற கப்பலின் முழுக்கதையையும் கூறிவிடுகின்றது. பல பக்கங்களில் எழுதி விளக்கவேண்டியதனை வெறும் தளம் ஒன்று ஒரே பார்வையில் உணர்த்துகின்றது. விளையாட்டுப் பொருளுக்கும் வரலாற்றுச் சாதனத்துக்கும் உள்ள வேறுபாடு இவ்விடத்திலேதான் புலனாகின்றது. விரும்பியதை வைப்பது விளையாட்டு. இருந்ததை மட்டும் வைப்பது வரலாறு.

போர்க்கப்பல்களை அழகிய உருவங்களாக்கி அலுமாரியில் வைப்பது போரின் கொடுமையை மறைக்காதா எனச் சிலர் கேட்பர். கேள்வி நியாயமானதே. மாண்டோர் பலரின் உடல்கள் இன்றும் அக்கப்பலுள்ளேயே கிடக்கின்றன. அது அவர்களின் கல்லறையும் ஆகும். எனினும் உண்மையை விடாது அமைக்கப்பட்ட மாதிரிகள் போரைப் புகழ்வதில்லை. அன்று இலங்கையைத் தாக்க வந்த யப்பானிய விமானந்தாங்கிகள் ஐந்து: அக்காகி, சோரியு, ஹிரியு, ஷோக்காக்கு, சுயிக்காக்கு. முதல் மூன்றும் இரண்டே மாதங்களில், 1942 யூன் மாதத்து மிட்வே சமரில் அழிந்தன. மற்ற இரண்டும் 1944இல் மூழ்கின. இவ்வைந்தையும் ஹேர்மிஸையும் ஒரே அலுமாரியில் வரிசையாக வைத்து, ஒவ்வொன்றின் முன்னும் மூழ்கிய ஆண்டை எழுதிவைத்தால், வென்றவரும் தோற்றவரும் ஒரே கடலடிக்குச் சென்ற உண்மையை எந்த மாணவனும் உணர்வான்.

விலையுயர்ந்த பெட்டிகள் இன்றியும் இப்பயிற்சியைத் தொடங்கலாம். நூறு அடியை ஓர் அங்குலமாகக் கொண்டால், ஹேர்மிஸ் ஆறு அங்குலமாகும். மாணவனின் அடிமட்டத்திற் சரிபாதி. தடித்த மட்டைத்தாள், மெல்லிய மரச் சீவல், பசை, கத்தி ஆகிய நான்கும் போதும். வலப்புறத்தே உயர்ந்து நிற்கும் மேடையையும் முக்காற் கொடிமரத்தையும் அளவோடு வெட்டி நிறுத்தும் மாணவன், கணிதத்தையும் சித்திரத்தையும் சரித்திரத்தையும் ஒரே வேளையிற் கற்கின்றான். ஊகித்ததை உண்மையென எழுதாத பழக்கமும் அவனுக்கு உண்டாகின்றது.

இப்பழக்கம் ஒலுவில் போன்ற ஊர்களுக்கு மிகவும் வேண்டற்பாலது. 2004 திசெம்பர் 26ஆம் தேதி எழுந்த ஆழிப்பேரலை இக்கரையில் உயிர்களையும் வீடுகளையும் மட்டுமன்றி, படங்களையும் பத்திரங்களையும் வாரிக்கொண்டு சென்றது. 2013இல் திறக்கப்பட்ட ஒலுவில் துறைமுகத்தின் அயலிலே கரை அரிக்கப்பட்டதையும் மக்கள் கண்ணாற் கண்டனர். கடல் எதனையும் அழிக்கவல்லது என்பதை இவ்வூரவருக்கு எவரும் எடுத்துரைக்கவேண்டியதில்லை.

ஹேர்மிஸ் மூழ்கியபோதும் அதன் அளவுகள் ஏட்டில் இருந்தன. ஆதலால் தொலைதேசத்தவன் ஒருவன் அதனைத் தன் மேசையில் மீண்டும் எழுப்பமுடிகின்றது. இக்கரையின் மர வள்ளங்களுக்கும் தோணிகளுக்கும் அத்தகைய ஏடுகள் எத்தனை? இன்று கடலுக்குச் செல்பவை பெரும்பாலும் கண்ணாடியிழைப் படகுகள். பழைய மரக்கலங்களின் அளவு ஓடாவிமாரின் கையிலும் மனத்திலுமே தங்கியுள்ளது. போர்க்கப்பலை அளந்து சிறிதாக்கக் கற்ற மாணவன், அடுத்தபடியாக அடிமட்டத்தையும் கொப்பியையும் எடுத்துக்கொண்டு, கரையிற் கவிழ்த்துக் கிடக்கும் பழைய வள்ளத்தின் அருகே செல்லவேண்டும். அதன் நீளத்தையும் அகலத்தையும் வளைவையும் குறித்து, அதனைச் செய்த மூத்த ஓடாவியிடம் ஒவ்வோர் உறுப்பின் பெயரையும் கேட்டு எழுதவேண்டும். ஓடாவிமார் இருக்கும்போதே செய்யத்தக்க பணி இது.