சோம்பலா, சோகையா?

திருவள்ளுவர் மடியைப் பற்றிப் பொருட்பாலின் 61-ஆம் அதிகாரத்தில் பேசினார். நோயையும் மருந்தையும் அதே பாலின் 95-ஆம் அதிகாரத்தில் வைத்தார். இரண்டிற்கும் இடையே 33 அதிகாரங்கள் கிடக்கின்றன. மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களில் நெடுங்காலம் இந்த இடைவெளி மறக்கப்பட்டிருந்தது. மருந்து வேண்டி நின்றவனை மடியன் என்றே பலரும் கொண்டனர்.

கெடாவின் வடபகுதி நெல்லுக்கு உரியது. தென்பகுதி ரப்பருக்கு உரியது. அலோர் ஸ்டாரை அடுத்த மெர்கோங் வயல் சூழ்ந்த சமவெளியில் அமைந்தது. முதலமைச்சர் வான் முகமது சமான் 1885-இல் வெட்டத் தொடங்கிய பெருங்கால்வாய், அலோர் ஸ்டாரிலிருந்து ஜெராய் மலையடிவாரம் நோக்கிச் செல்வதும் இச்சமவெளியின் ஊடேதான். அதற்குத் தெற்கே சுங்கை பட்டாணி, பீடோங், கூலிம், பாலிங் வட்டாரங்களில் காடழித்து ரப்பர் நட்டார்கள். 1909-ஆம் ஆண்டு உடன்படிக்கையால் கெடா சயாமின் மேலாண்மையிலிருந்து பிரிட்டிஷாரின் கைக்கு மாறியபின் அந்நடவு விரைவுற்றது. கங்காணியின் பின்னே கப்பலேறி வந்த தமிழர்களே அதற்குத் தோள் கொடுத்தனர்.

விடியுமுன் பெரட்டு, அதன்பின் முந்நூறு, நானூறு மரம் வெட்டு, பால் சேர்ப்பு, வாளி சுமந்து நிறுவைக்கு நடை. இதைச் செய்ய முடியாமல் மரத்தடியில் உட்கார்ந்துவிட்டவனுக்கு அன்றைய கூலி போயிற்று; கூடவே ஒரு பெயரும் ஒட்டிக்கொண்டது. இத்தகைய பெயர்கள் ஆள்வோரின் வசதிக்காக எழுந்த கட்டுக்கதைகள் என்பதை மலேசிய அறிஞர் சையது உசேன் அலத்தாஸ் 1977-இல் வெளிவந்த தம் நூலில் விரித்துரைத்தார். அவர் கருத்தில் கொண்டவர்கள் பெரும்பாலும் மலாய், சாவக, பிலிப்பினிய மக்கள். தோட்டத் தமிழர் கதையில் அக்கட்டுக்கதையை உடைத்தது ஆய்வுக்கூடத்து நுண்நோக்கி.

முதலில் அரிசியைப் பார்ப்போம். கால் ஓய்ந்து, உடல் வீங்கி, நெஞ்சு படபடத்து இறக்கச் செய்யும் பெரிபெரி நோய் மலாயாவில் சீனத் தொழிலாளரை வாட்டியது. தமிழரைப் பெரிதும் தீண்டவில்லை. நெகிரி செம்பிலான் மருத்துவர் பிராடன், சீனர் தீட்டிய வெள்ளரிசியையும் தமிழர் புழுங்கல் அரிசியையும் உண்பதே வேறுபாடு என்று கண்டார். கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் வில்லியம் பிளெச்சர் 1905-இல் நோயாளிகளை இரு பிரிவாக்கி இருவகை அரிசியும் கொடுத்துப் பார்த்தார். வெள்ளரிசிப் பிரிவே நோயுற்றது. சில ஆண்டுகளில் பிரேசரும் ஸ்டான்டனும் சாவகத் தொழிலாளரிடையே இதை உறுதி செய்தனர். நெல்லை அவிக்கும்போது தவிட்டிலுள்ள தயமின் என்னும் உயிர்ச்சத்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. தீட்டினாலும் முழுதும் போவதில்லை. நம் பாட்டிமார் நெல்லவித்தது மருத்துவம் கருதியன்று. ஆயினும் அப்பழக்கமே கடல் கடந்து வந்த பேரரைக் காத்தது.

மலேரியாவினின்று காக்க அத்தகைய பழக்கம் எதுவும் நம்மவரிடம் இல்லை. செகந்தராபாத்தில் ரொனால்டு ராஸ் 1897-இல் கொசுவினுள் மலேரியாக் கிருமியைக் கண்டார். நான்காண்டு கழித்துச் சிலாங்கூரின் கிள்ளானில் மால்கம் வாட்சன் சதுப்பை வடித்து நோயைத் தணித்துக் காட்டினார். ஆனால் சமவெளியில் பலித்த முறை குன்றுநிலத்தில் பலிக்கவில்லை. சமவெளிக் கொசு நிழல் விரும்பி. காடழிந்தால் தானும் அழியும். குன்றுநிலக் கொசுவோ வெயில் படும் தெளிந்த ஓடையில் முட்டையிடுவது. ஆகவே காட்டை வெட்டிய கோடரியே நோய்க்கு வழி திறந்தது. காய்ச்சல் விட்டபின்னும் குருதி வெளிறி, மண்ணீரல் வீங்கி, கை ஓய்ந்துபோன மனிதன் எஞ்சினான். வாட்சன் தோட்டத்துப் பிள்ளைகளின் வயிற்றைத் தொட்டுப் பார்த்து, வீங்கிய மண்ணீரல் நூற்றுக்கு எத்தனை என்று எண்ணியே ஒரு தோட்டத்தின் நிலையை மதிப்பிட்டார்.

இனிக் கொக்கிப் புழு. இதனை மிலான் நகரத்து டுபினி 1838-இல் பிணச்சோதனையில் கண்டார். 1880-இல் ஆல்ப்ஸ் மலையில் சுரங்கப்பாதை வெட்டியோரிடம் சோகையாக அது வெளிப்பட்டது. கெய்ரோவில் ஆர்தர் லூஸ் தம் கையில் புழுக்குஞ்சு நீர் தற்செயலாகச் சிந்தியதால், அது தோலைத் துளைத்தே உள்ளே புகுகிறது என்று அறிந்தார். அசாம் தேயிலைத் தோட்டங்களில் கூலிகளின் காலில் காணப்பட்ட அரிப்புப் புண் இப்புழு நுழைந்த வாயிலே என்று பென்ட்லி 1902-இல் எழுதினார். அதே ஆண்டில் அமெரிக்கப் பத்திரிகை ஒன்று, தென்மாநில ஏழைகளிடம் ஸ்டைல்ஸ் என்பார் கண்ட புழுவுக்குச் சோம்பலின் கிருமி எனப் பட்டம் சூட்டியது. நகைக்க எழுதியதாயினும் உண்மைக்கு அருகே சென்றது.

வெறுங்காலுடன் ஈரமண்ணில் நடப்பதும், லயத்துக்குப் பின்புறப் புதரே கழிப்பிடமாவதும் இப்புழுவுக்கு வேண்டிய எல்லாம் ஆகும். குடலில் தொங்கும் ஒரு புழு உறிஞ்சும் குருதி நாளொன்றுக்கு ஒரு சொட்டுக்கும் குறைவு. பல நூறு புழு சேர்ந்தால் ஆண்டுக்கணக்கில் இரும்புச்சத்தை வடித்துவிடும். பிள்ளைகளுக்குப் பாடத்தில் மனம் நில்லாது. வகுப்பில் உறங்கும் பிள்ளையைப் பிரம்பால் எழுப்பிய காலத்தில், இதை எண்ணிப் பார்த்தவர் எத்தனை பேர்?

ராக்பெல்லர் அறநிறுவனம் அனுப்பிய சாமுவேல் டார்லிங், பார்பர், ஹாக்கர் ஆகிய மூவர் குழு 1915 முதல் 1917 வரை மலாயா, சாவகம், பிஜி ஆகிய மூன்று நாடுகளிலும் ஆராய்ந்தது. அவர்கள் செய்த வேலை அருவருப்பானது. ஆனால் மிக நேர்மையானது. மருந்து கொடுத்து, வெளியேறிய புழுக்களை ஒன்று விடாமல் எண்ணினர். குருதியின் செந்நிறச் சத்தை அளந்தனர். மலேரியாவின் பங்கையும் உடன் நோக்கினர். புழு உண்டா இல்லையா என்று கேட்டு நின்றுவிடாமல், எத்தனை என்று கேட்டதே டார்லிங்கின் சிறப்பு. அவர் 1925-இல் மலேரியா ஆய்வுப் பயணத்தின்போது லெபனானில் ஊர்தி விபத்தில் இறந்தார்.

குருதி குறைந்தவன் உண்மையிலேயே வேலை செய்ய இயலாதவனா என்னும் வினாவுக்கு நேரான விடை 1979-இல்தான் அச்சேறியது. மேற்குச் சாவகத்தில் சேர்த்த பாலுக்கேற்பக் கூலி பெற்ற ரப்பர் வெட்டுவோரிடையே, சோகையுற்றவர் மற்றவரினும் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவாகவே பால் சேர்த்தனர். 60 நாள் இரும்புச்சத்து கொடுத்தபின் அக்குறைவு நீங்கிற்று. அதே ஆண்டில் வெளிவந்த இன்னோர் ஆய்வு இலங்கைத் தேயிலைத் தோட்டப் பெண்களைப் பற்றியது. அங்கும் இரும்புச்சத்து பெற்றவர்களின் கொழுந்து நிறை கூடிற்று. கங்காணி எத்தனை கூவியும் கூடாத நிறை மாத்திரையால் கூடிற்று.

இன்று மலேசியாவில் 2018 முதல் மனிதரிடையே மட்டும் பரவும் மலேரியா உள்நாட்டில் தோன்றவில்லை. குரங்கிலிருந்து வரும் வகை மட்டும் எஞ்சியுள்ளது. தோட்டங்கள் பல செம்பனைக்கு மாறின. மெர்கோங்கிலோ தொழிற்பேட்டை எழுந்தது. தளர்ச்சி மட்டும் விடைபெறவில்லை. நீரிழிவு, கேடயச் சுரப்பிக் குறை, சிறுநீரக நோய், இரவுப் பணியால் கெட்ட உறக்கம், குறட்டையோடு மூச்சடைப்பு, மனச்சோர்வு எனக் காரணங்கள் பல. இரும்புச்சத்துக் குறைவு பெண்களிடம் இன்றும் மிகுதி; இந்நாட்டில் பரவலாயுள்ள தலசீமியா என்னும் பரம்பரைக் குறையும் அதைப் போலவே தோற்றும் என்பதால், சோதியாமல் இரும்பு மாத்திரை விழுங்குவது தகாது.

இவற்றுள் எதுவும் காணப்படாத தளர்ச்சியும் உண்டு. 1955-இல் இலண்டன் ராயல் ஃப்ரீ மருத்துவமனையில் பணியாளர் ஏறத்தாழ 300 பேர் திடீரென நோயுற்று, மருத்துவமனையே சில மாதம் மூடப்பட்டது. 1970-இல் மனநல மருத்துவர் இருவர், நோயாளிகளைக் காணாமலே பழைய குறிப்பேடுகளைப் புரட்டி, அது கூட்டு மனமயக்கம் என்று முடிவு கட்டினர். டார்லிங் எண்ணிய முறைக்கும் இதற்கும் உள்ள தூரம் கருதற்பாலது. அமெரிக்க மருத்துவக் கழகத்தின் 2015-ஆம் ஆண்டு அறிக்கை அதனை உடல் முழுவதையும் பற்றும் கடுநோய் என்று ஏற்றது. ஆறு மாதத்துக்கு மேல் நீடிக்கும் தளர்ச்சி, தூங்கியும் தெளியாமை, சிறிது உழைத்தாலும் பின்னர் நோய் முற்றிப் படுக்க நேர்தல் ஆகியவை அதன் அடையாளங்கள். 2020-க்குப் பின் கோவிட் நோயிலிருந்து எழுந்தோர் சிலரிடமும் இவை காணப்பட்டன. இதனை உறுதி செய்யும் குருதிச் சோதனை இன்னும் இல்லை. உடற்பயிற்சியை நாளுக்கு நாள் கூட்டிக்கொண்டே போகச் சொல்லும் பழைய அறிவுரையை இங்கிலாந்தின் மருத்துவ வழிகாட்டிக் குழு 2021-இல் நீக்கிவிட்டது.