நாளும் ஒரு நற்செய்தி வந்த வழி

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், தென்காசிக்கு வடக்கே அமைந்துள்ள புளியங்குடி எலுமிச்சைக்குப் பேர்பெற்ற ஊர். எலுமிச்சை விவசாயியின் உழைப்பு அன்றாட உழைப்பு. பழுத்ததை அன்றன்றே எடுத்துச் சந்தை சேர்க்க வேண்டும். தேங்கிக் கிடந்தால் வாடிவிடும். பாலைநிலத்தில் இஸ்ரயேல் மக்கள் பெற்ற மன்னாவும் இத்தகையதே. அன்றைய தேவைக்கு அன்று எடுத்தது உணவாயிற்று; மறுநாளுக்கென்று வைத்தது கெட்டுப்போயிற்று.

திருச்சபை நமக்கு நாள்தோறும் தருகின்ற நற்செய்தி வாசகத்தை எண்ணும்போது இவ்விரண்டும் நம் நினைவுக்கு வருகின்றன. காலையில் எழுந்ததும் அன்றைய நற்செய்தியை வாசித்துச் சிறிது நேரம் செபிக்கும் வழக்கம் இன்று நம் இல்லங்கள் பலவற்றில் உண்டு. தொன்றுதொட்டே இது நம் உடைமையாக இருந்ததென்று நாம் எண்ணிக்கொள்கின்றோம். உண்மையில் அது நம் கைக்கு மிகவும் பிந்தியே வந்தது. அது வந்த வழியை அறிந்தால், அதைப் போற்றும் முறையும் நமக்கு விளங்கும்.

புளியங்குடி வழியாகச் செல்லும் நெடுஞ்சாலையின் ஒரு முனை கொல்லம். செங்கோட்டையைக் கடந்து, ஆரியங்காவுக் கணவாய் வழியாக மலையைத் தாண்டி அச்சாலை கடற்கரையைச் சேர்கின்றது. அந்தக் கொல்லத்தில்தான் 1578ஆம் ஆண்டு அக்டோபர் 20ஆம் நாள், இயேசு சபைத் துறவி அன்றிக் அடிகளாரின் 'தம்பிரான் வணக்கம்' அச்சேறியது. தமிழ் எழுத்துக்களில் அச்சிடப்பெற்ற முதல் நூல் அது. பதினாறே பக்கங்கள் கொண்டது. அது செபங்களும் மறையுண்மைகளும் அடங்கிய சிறுநூலே அன்றி நற்செய்தி நூலன்று. அக்காலத்துத் தமிழ்க் கத்தோலிக்கர் செபத்தை வாயால் கற்றனர், மனப்பாடமாகக் காத்தனர்.

அதே சாலை வடக்கே திருமங்கலம் சென்று மதுரையை நெருங்குகின்றது. 1606இல் தத்துவப் போதகர் இராபர்ட் தெ நொபிலி மதுரைக்கு வந்து, தமிழ்ச் சான்றோரின் வாழ்க்கை நெறியை மேற்கொண்டு மறைபரப்பினார். ஒரு நூற்றாண்டுக்குப் பின் வந்த வீரமாமுனிவர் நம் பகுதிக்குக் கிழக்கே காமநாயக்கன்பட்டியில் பணிபுரிந்தார். 'தேம்பாவணி' பாடிய அப்பெரும்புலவரே, ஊர்தோறும் மறையைக் கற்பித்த வேதியர்களுக்காக 'வேதியர் ஒழுக்கம்' என்னும் உரைநடை நூலையும் எழுதினார். குருக்கள் எப்போதோ ஒருமுறை வந்துபோன அக்காலத்தில், செபம் சொல்லிக்கொடுத்தும் நோயுற்றோர் அருகில் இருந்தும் இறைமக்களைக் காத்தவர்கள் இந்த வேதியர்களே.

அவர்களுடைய பணியின் அருமை பின்னர் இன்னும் தெளிவாயிற்று. 1773இல் இயேசு சபை கலைக்கப்பட்டது. அச்சபைக் குருக்கள் மீண்டும் மதுரை மறைத்தளத்திற்குத் திரும்பியது 1838இல்தான். இடைப்பட்ட அறுபத்தைந்து ஆண்டுகள் குருக்கள் மிகக் குறைந்திருந்த காலம். பல ஊர்களில் மாதக்கணக்கில் திருப்பலி இல்லை. ஆயினும் விளக்கேற்றி மாலைச்செபம் சொன்ன குடும்பங்கள் இருந்தன. ஏடும் நூலும் இல்லாதிருந்தும் நம் முன்னோர் மறையை மறக்கவில்லை.

அவர்கள் தியானித்தது என்ன? செபமாலையின் மறைபொருள்களையும், சிலுவைப் பாதையின் பதினான்கு நிலைகளையும் அவர்கள் தியானித்தனர். தவக்காலத்தில் ஆண்டவருடைய பாடுகளைப் பற்றிய உரைகளைக் கேட்டனர். இலங்கையில் டச்சுக்காரரின் அடக்குமுறைக்கு இடையே பணியாற்றி 1742இல் மறைந்த யாக்கோமே கொன்சால்வஸ் அடிகளார் தமிழில் இயற்றிய 'வியாகுலப் பிரசங்கம்' அத்தகைய உரைகளின் தொகுப்பே. எழுதப் படிக்கத் தெரியாத தாய்மாரும் கல்வாரிக் காட்சியைக் கண்முன் நிறுத்திக் கண்ணீர் சிந்தினர். இதனை ஏளனம் செய்ய நமக்குத் தகுதியில்லை. இதுவும் நற்செய்தித் தியானமே.

எனினும் ஒரு குறை இருந்ததை மறைப்பதற்கில்லை. அந்நாளைய செபமாலையின் பதினைந்து மறைபொருள்களும் ஆண்டவரின் பிறப்பு, பாடுகள், மகிமை ஆகியவற்றைச் சுற்றியே அமைந்திருந்தன. கோவிலில் காணப்பட்ட சிறுவன் இயேசுவிலிருந்து கெத்சமனியில் வியர்வை சிந்திய இயேசுவுக்கு அவை நேரே தாவின. கலிலேயாவின் தெருக்களில் நடந்த இயேசு, தொழுநோயாளியைத் தொட்ட இயேசு, விதைப்பவனைப் பற்றிக் கதை சொன்ன இயேசு, சக்கேயுவின் வீட்டில் விருந்துண்ட இயேசு ஆகியோரை நம் மக்கள் அன்றாடம் சந்திக்க வாய்ப்புக் குறைவாகவே இருந்தது. திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 2002இல் ஒளியின் மறைபொருள்களைச் சேர்த்தபோதுதான் அந்த இடைவெளி செபமாலையில் நிரப்பப்பட்டது.

இங்கு நம் சீர்திருத்த சபைச் சகோதரர்களை நன்றியோடு நினைப்பது நம் கடமை. தரங்கம்பாடியில் சீகன்பால்கு மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு 1715இல் அச்சேறி முடிந்தது. 1820இல் பாளையங்கோட்டைக்கு வந்து, 1838இல் மறையும்வரை திருநெல்வேலிச் சீமையில் உழைத்த ரேனியஸ் ஐயர், மக்களுக்கு விளங்கும் தமிழில் திருமறை அமைய வேண்டுமென்று மொழிபெயர்ப்பைச் செம்மை செய்தார். பக்கத்து ஊரில் அவர்கள் வேதபுத்தகத்தைக் கையில் ஏந்திக் கோவிலுக்குச் சென்றபோது, நாம் செபமாலையை மட்டும் ஏந்திச் சென்றோம். வேதபுத்தகம் வாசிப்பது அவர்களுடைய வழக்கம் என்று நம்மில் பலர் நெடுங்காலம் ஒதுங்கியிருந்தோம். அந்த ஒதுக்கத்தால் இழந்தவர்கள் நாமே.

திருப்பலியிலும் அன்று நற்செய்தி இலத்தீன் மொழியில்தான் வாசிக்கப்பட்டது. ஞாயிறன்று மறையுரைக்கு முன் அதைத் தமிழில் கேட்கலாம். ஒரே வாசகங்கள் ஆண்டுதோறும் திரும்பி வந்தன. தனி விழா இல்லாத சாதாரண வாரநாள்களில் கடந்த ஞாயிற்றின் வாசகமே மீண்டும் வரும். இந்நிலையை மாற்றியது இரண்டாம் வத்திக்கான் சங்கம். 1963 டிசம்பர் 4ஆம் நாள் வெளியான திருவழிபாட்டுக் கொள்கை விளக்கம் தாய்மொழிக்கு வாயிலைத் திறந்ததோடு, இறைவார்த்தைப் பந்தியில் மக்களுக்கு இன்னும் நிறைவாகப் பரிமாற வேண்டுமென்று பணித்தது. 1965 நவம்பர் 18ஆம் நாள் வெளியான இறைவெளிப்பாட்டுக் கொள்கை விளக்கம், பொதுநிலையினர் உட்பட அனைவரும் திருநூலை அடிக்கடி வாசிக்குமாறும், வாசிப்போடு செபமும் இணைந்திருக்குமாறும் வேண்டியது.

1969இல் புதிய வாசக ஒழுங்கு உருவாயிற்று. ஞாயிறுகளுக்கு மூன்றாண்டுச் சுழற்சியும், வாரநாள்களின் முதல் வாசகத்திற்கு ஈராண்டுச் சுழற்சியும் வகுக்கப்பட்டன. வாரநாள் நற்செய்தியோ ஆண்டுதோறும் ஒரே வரிசையில் வருகின்றது. பொதுக்காலத்தின் முதல் ஒன்பது வாரங்கள் மாற்கு. பத்தாம் வாரம் முதல் இருபத்தொன்றாம் வாரம்வரை மத்தேயு. அதன்பின் முப்பத்து நான்காம் வாரம்வரை லூக்கா. தவக்காலத்தின் பிற்பகுதியிலும் பாஸ்கா காலத்திலும் யோவான் பெரிதும் இடம்பெறுகின்றார். ஆக, நாள்தோறும் உடன்வருகின்ற ஒருவர் ஓராண்டில் ஆண்டவரோடு கலிலேயாவிலிருந்து எருசலேம்வரை நடந்துவிடுகின்றார். நம் முன்னோருக்குக் கிட்டாத அந்தப் பயணம் நமக்குக் கிட்டியுள்ளது.

1973இல் பாளையங்கோட்டை மறைமாவட்டம் உருவானது. அன்பியங்கள் வளர்ந்தபோது, தென்னாப்பிரிக்காவின் லும்கோ நிறுவனம் வகுத்த ஏழு படி நற்செய்திப் பகிர்வு முறையும் தமிழகத்திற்கு வந்தது. 1995இல் கத்தோலிக்கரும் பிற சபையினரும் இணைந்து உருவாக்கிய திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பு வெளிவந்தது. வேதியர் ஒருவரின் நினைவில் இருந்த மறை, இவ்வாறு ஒவ்வொரு வீட்டின் கைகளுக்கும் வந்து சேர்ந்தது.

இன்று அது கையிலிருந்து கைப்பேசிக்கும் வந்துவிட்டது. விடியுமுன்னரே அன்றைய நற்செய்தியும், அதற்கான சிந்தனையும், முடிவில் செபமும் ஆயத்தமாக வந்து நிற்கின்றன. நோயுற்றோருக்கும், வெளியூரில் உழைப்போருக்கும் இது பேருதவி என்பதில் ஐயமில்லை. ஆயினும் நாம் நம்மையே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்றுண்டு. பிறர் சிந்தித்ததை வாசித்து, பிறர் செபித்ததைக் கேட்டு, பிறருக்கு அனுப்பியும் விட்டால், நாம் எப்போது செபித்தோம்? மாலையில் ஒருவர் நம்மை நிறுத்தி, காலையில் கேட்ட நற்செய்தி எது என்று வினவினால், நம்மில் எத்தனை பேர் மறுமொழி கூறுவோம்?

பன்னிரண்டாம் நூற்றாண்டில் கார்த்தூசியத் துறவி இரண்டாம் கீகோ இறைவார்த்தைச் செபத்தை நான்கு படிகள் கொண்ட ஏணியாக விளக்கினார்: வாசித்தல், தியானித்தல், வேண்டுதல், இறைவனில் இளைப்பாறுதல். நம் முன்னோருக்கு முதற்படியான வாசிப்பு வாய்க்கவில்லை. செவிவழியாகவே மற்றப் படிகளில் ஏறினர். நமக்கோ முதற்படி மிக எளிதாகிவிட்டது. பல நாள்களில் அங்கேயே நின்றுவிடுகின்றோம்.

எனவே ஒரு சிறு முயற்சி செய்வோம். அன்றைய நற்செய்தியை முதலில் நாமே வாசிப்போம். பிறருடைய விளக்கம் பின்னர் வரட்டும். அதிலிருந்து ஒரு சொல்லையேனும் நம் முன்னோரைப் போல நினைவில் இருத்தி, தோட்டத்திற்கும் சந்தைக்கும் அலுவலகத்திற்கும் கொண்டு செல்வோம். இரவில் குடும்பமாகக் கூடும்போது அச்சொல்லை ஒருவருக்கொருவர் சொல்வோம். நூலின்றி நினைவில் காத்த முன்னோரின் மறையும், நூலாக நம் கைக்கு வந்த நற்செய்தியும் அப்போது நம் இல்லத்தில் ஒன்றுசேரும்.