மருமக்கள்வழி

மருமக்கள்வழி அல்லது மருமக்கட்டாயம் என்பது, ஆணின் சொத்துரிமை அவனுடைய மக்களுக்குச் செல்லாமல் அவனுடைய சகோதரியின் மக்களுக்குச் செல்லும் வாரிசுரிமை முறை ஆகும். முன்னாள் திருவிதாங்கூரின் ஒரு பகுதியாக இருந்த நாஞ்சில் நாட்டில் (இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தின் தோவாளை, அகத்தீசுவரம் வட்டங்கள்) வேளாளருள் ஒரு பிரிவினர் இம்முறையைப் பின்பற்றினர்.

சொற்பிறப்பு

மருமக்கள் + தாயம் = மருமக்கட்டாயம். மலையாளத்தில் இது மருமக்கத்தாயம் என வழங்கும். இது தாய்வழி முறை என்பதால், இச்சொல்லில் உள்ள 'தாயம்' தாயைக் குறிப்பதாகக் கருதப்படுவதுண்டு. ஆனால் தாயம் என்பது பங்கு, உரிமைச்சொத்து எனப் பொருள்படும் 'தாய' என்ற வடசொல்லின் திரிபு. பங்காளியைக் குறிக்கும் தாயாதி என்ற சொல்லும் இதனுடன் தொடர்புடையது. தந்தைவழி உரிமையும் மலையாளத்தில் 'மக்கத்தாயம்' என்றே அழைக்கப்படுகிறது.

மருமகன் என்ற சொல் மகளின் கணவனையும், ஆணின் சகோதரி மகனையும் குறிக்கும். முறைப்பெண்ணை மணக்கும் வழக்கத்தில் இருவரும் ஒருவராகவே அமைவதுண்டு. உமையின் மகனான முருகன், அவள் தமையனான திருமாலுக்கு 'மருகன்' எனப்படுவது பழைய பொருளுக்குச் சான்று. துளு நாட்டின் 'அளியசந்தானம்' என்ற பெயரிலுள்ள 'அளிய' என்பதற்கும் இவ்விரு பொருள்களும் உண்டு. எனவே உரிமை பெண்வழியில் சென்றபோதிலும், முறையின் பெயர் குடும்பத்தை நிருவகித்த தாய்மாமனாகிய காரணவரின் நிலையிலிருந்தே அமைந்துள்ளது.

நாஞ்சில் நாட்டில்

இம்முறையில் கணவன் இறந்தபின் அவனுடைய மனைவியும் மக்களும் அவனது குடும்பச் சொத்தில் வாரிசுகள் ஆவதில்லை. 'உகந்துடைமை' என்ற பெயரில் ஒரு சிறு பங்கு மட்டும் மக்களுக்கு வழங்கப்பட்டது. இதனால் குடும்பங்களில் வழக்குகளும் பிணக்குகளும் மலிந்தன.

தேரூரில் பிறந்த கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை (1876-1954), 'நாஞ்சில் நாட்டு மருமக்கள்வழி மான்மியம்' என்ற அங்கத நூலில் இந்நிலையை எடுத்துரைத்தார். ஒரு காரணவரின் ஐந்தாம் மனைவி தன் துயரைக் கூறுவதாக அமைந்த இது, 'தமிழன்' இதழில் தொடராக வெளிவந்து, 1942ல் நூலாயிற்று.

சட்ட மாற்றங்கள்

1926ஆம் ஆண்டில் (கொல்லம் ஆண்டு 1101) திருவிதாங்கூர் அரசு நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டத்தை இயற்றியது. இதன் மூலம் தந்தையின் தனிச்சொத்தில் மனைவி மக்களுக்கு உரிமை கிடைத்தது. 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம், மருமக்கட்டாயச் சட்டத்திற்குத் தரும் வரையறையில் இச்சட்டத்தையும் பெயர் குறிப்பிட்டுச் சேர்த்துள்ளது. அச்சட்டத்தின்படி, உயில் எழுதாமல் இறக்கும் ஆணின் முதல் வாரிசுகளுள் மனைவி, மகன், மகள், தாய் ஆகியோர் அடங்குவர். சகோதரியின் மக்கள் அவ்வரிசையில் இல்லை.