சேமித்து வைத்த வெயில்



1996-ஆம் ஆண்டு ஆகஸ்டு 3-ஆம் நாள் மாலை, தீபகற்ப மலேசியா இருளில் மூழ்கியது. அந்த இருள் சில மணி நேரத்தில் நீங்கிவிட்டது. கரிபியன் கடலிலுள்ள போர்ட்டோ ரிக்கோ தீவு மக்கள் கண்ட இருளோ பல மாதங்கள் நீடித்தது. அந்த வரலாற்றையே இன்று பார்க்கப் போகிறோம்.

2017 செப்டம்பர் 20-ஆம் நாள் மரியா என்னும் புயல் அத்தீவைத் தாக்கியது. 30 இலட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் மின்சாரம் இழந்தனர். அது முழுமையாகத் திரும்ப ஏறத்தாழ 11 மாதங்கள் ஆயின. மாண்டவர்கள் 2,975 பேர் என அரசு பின்னர் ஏற்றுக்கொண்டது. அவர்களில் பலர் புயல் ஓய்ந்த பிறகு, வைத்தியம் தடைப்பட்டு இறந்தவர்கள்.

அத்தீவில் அட்ஹூந்தாஸ் என்று ஒரு மலையூர் உண்டு. காப்பி விளையும் ஊர். அங்கே 1980-இல் தோன்றிய ‘காசா புவெப்லோ’ என்னும் மக்கள் அமைப்பு, 1999-இலேயே தன் கட்டடத்துக்குச் சூரியத் தகடுகள் பொருத்தியிருந்தது. ஊரெங்கும் இருள், அந்த வீட்டில் மட்டும் வெளிச்சம். மூச்சுத் திணறலுக்கான கருவியை இயக்கவும், தொலைபேசிக்கு மின்னேற்றவும் மக்கள் அங்கே திரண்டனர்.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. கூரையில் தகடு இருந்தால் மட்டும் போதாது. பொதுக் கம்பியோடு இணைத்த சாதாரண அமைப்பு, மின்தடை வந்ததும் தானே நின்றுவிடும். கம்பியைப் பழுதுபார்க்கும் தொழிலாளியின் உயிரைக் காக்கவே அந்த ஏற்பாடு. தடைக் காலத்திலும் விளக்கு எரிய வேண்டுமானால், வீட்டைப் பொதுக் கம்பியிலிருந்து பிரிக்கும் கருவியும், பகல் வெயிலை இரவுக்குச் சேமிக்கும் பேட்டரியும் வேண்டும்.

பேட்டரி புதிய பொருளன்று. மீண்டும் மின்னேற்றக்கூடிய ஈய பேட்டரியைப் பிரெஞ்சு நாட்டுப் பிளாந்தே 1859-இல் உருவாக்கினார். சிலிக்கன் சூரிய மின்கலத்தை அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடம் 1954-இல் அறிமுகப்படுத்தியது. எடை குறைந்த லித்தியம்-அயனி பேட்டரி 1991-இல் விற்பனைக்கு வந்தது.

ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி ஈய பேட்டரியில் 1,200 வாட்-மணி அடங்கும். அது நெடுநாள் உழைக்கப் பாதியைத்தான் எடுக்கலாம், அதாவது 600. பத்து வாட் விளக்கு நான்கும், 50 வாட் விசிறி ஒன்றும் ஏறத்தாழ 6 மணி நேரம் ஓடும். அரிசி வேகவைக்கும் மின்பானையை மாட்டினால் சீக்கிரமே தீர்ந்துவிடும். ஆகவே, இருட்டில் எது முதலில் தேவை என்பதை வீட்டார் முன்கூட்டியே பேசி முடிவு செய்ய வேண்டும். ஈய பேட்டரியை அடுப்பருகே வைக்காமல், காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். மின்னேறும்போது அதிலிருந்து எளிதில் தீப்பற்றும் வாயு வெளிவரும்.

மழைக்கு முன்பே விறகு சேர்த்து வைப்பது நம் பெரியவர்களின் வழக்கம். வெயிலையும் அவ்வாறே சேர்த்து வைக்கலாம் என்பதை அந்த மலையூர் நமக்குக் காட்டுகிறது.