இளவரசி ஒப்பனை

இளவரசி ஒப்பனை என்பது ஏறத்தாழ மூன்று முதல் பன்னிரண்டு வயது வரையுள்ள சிறுமிகளுக்கு, தேவதைக் கதைகளில் வரும் இளவரசியரைப் போலச் சிகை அலங்காரம், முக ஒப்பனை, நகப்பூச்சு, ஆடை முதலியவற்றைக் கட்டணம் பெற்றுச் செய்துவிடும் வணிகச் சேவை ஆகும். இது 2000களில் ஐக்கிய அமெரிக்காவில் பரவலானது. பிறந்தநாள் விழாக்களின் ஒரு பகுதியாகப் பிரித்தானியா முதலிய நாடுகளிலும் இதன் சாயலான சேவைகள் உள்ளன. இது தீங்கற்ற விளையாட்டா, அல்லது தோற்றமே பெண்ணின் முதன்மையான தகுதி என்று பள்ளி செல்லும் முன்னரே கற்பித்துவிடும் பழக்கமா என்பது குறித்துப் பெற்றோரிடையேயும் உளவியலாளரிடையேயும் கருத்து வேறுபாடு உள்ளது. இதுவரை வெளிவந்த ஆய்வு முடிவுகள் இரு தரப்பினருக்கும் முழுமையாகச் சாதகமாக அமையவில்லை.

வரலாறு

சிறுமிகள் வீட்டிலிருக்கும் துணியைச் சுற்றிக்கொண்டு அரசியாக விளையாடுவது பழமையானது. அதைக் கடையில் விற்கும் சேவையாக மாற்றியது அண்மைக்கால நிகழ்வாகும். 2000 ஆம் ஆண்டில் சிகாகோ பகுதியில் தொடங்கப்பட்ட 'கிளப் லிபி லூ' என்ற கடைத்தொடர், பேரங்காடிகளில் சிறுமிகளுக்கான ஒப்பனை விருந்துகளை நடத்தியது. 2003 இல் சாக்ஸ் நிறுவனம் இதனை வாங்கியது. பொருளாதார நெருக்கடியின்போது, 2009 இல் இக்கடைகள் மூடப்பட்டன.

அதே காலத்தில் டிஸ்னி நிறுவனத்தில் வேறொரு மாற்றம் நிகழ்ந்தது. நைக்கி நிறுவனத்திலிருந்து வந்து டிஸ்னியின் நுகர்பொருள் பிரிவுக்குப் பொறுப்பேற்ற ஆண்டி மூனி, பீனிக்சு நகரில் நடந்த பனிச்சறுக்கு நிகழ்ச்சி ஒன்றுக்குச் சென்றார். வரிசையில் நின்ற சிறுமிகள் பலர் இளவரசி உடையில் இருந்தனர். ஆனால் அவை டிஸ்னி விற்ற உடைகள் அல்ல. வீட்டில் ஆக்கிய உடைகள். வெவ்வேறு திரைப்படங்களைச் சேர்ந்த இளவரசியரை ஒரே வணிகப் பெயரின் கீழ் கொண்டுவரும் 'டிஸ்னி இளவரசி' திட்டம் இதன் பிறகே உருவானது. 2001 இல் சுமார் 30 கோடி டாலராக இருந்த இதன் விற்பனை, 2006 இல் 300 கோடி டாலரை எட்டியது. வீட்டில் தைத்த உடையைக் கண்டு பிறந்த திட்டம், அந்த உடையையே தேவையற்றதாக்கியது என்பதைக் கவனிக்கலாம். இப்பொருட்களின் படங்களில் இளவரசியர் ஒன்றாக நின்றாலும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வதில்லை. ஒருவர் கதையில் மற்றவர் நுழையக்கூடாது என்பதே நிறுவனம் இதற்குக் கூறிய காரணம்.

2006 ஏப்ரலில் புளோரிடாவிலுள்ள வால்ட் டிஸ்னி வேர்ல்டு வளாகத்தில் 'பிப்பிடி பாப்பிடி பூட்டிக்' என்ற ஒப்பனையகம் திறக்கப்பட்டது. 1950 இல் வெளிவந்த 'சிண்ட்ரெல்லா' திரைப்படத்தில் தேவதைத் தாய் பாடும் மந்திரச் சொற்களே இதன் பெயர். 2007 இல் மேஜிக் கிங்டம் பூங்காவின் சிண்ட்ரெல்லா கோட்டைக்குள்ளும், பின்னர் கலிபோர்னியாவின் டிஸ்னிலாந்திலும் கிளைகள் தொடங்கப்பட்டன.

செய்முறை

சிறுமி உயரமான நாற்காலியில் கண்ணாடிக்கு முதுகு காட்டி அமர்த்தப்படுகிறாள். தலைமுடி இழுத்து வாரப்பட்டுக் கொண்டையாக முடியப்படுகிறது. அதன்மேல் சிறு மகுடம் பொருத்தப்படுகிறது. இமைகளிலும் கன்னங்களிலும் மெல்லிய வண்ணம், உதட்டில் மினுக்கம், விரல்களில் நகப்பூச்சு, முகத்தில் ஒட்டும் சிறு கற்கள், இறுதியாகத் தலையில் மினுமினுப்புத் தூள் என்று பணி தொடர்கிறது. முடிந்ததும் நாற்காலி கண்ணாடியை நோக்கித் திருப்பப்படும். தன் புதிய தோற்றத்தைச் சிறுமி முதன்முறையாகக் காணும் அந்தக் கணமே சேவையின் உச்சம். பெற்றோர் படக்கருவியுடன் காத்திருப்பதும் அதற்காகவே.

2010களின் பிற்பகுதியில் சிகையும் முக ஒப்பனையும் மட்டும் கொண்ட தொகுப்பு ஏறத்தாழ 60 டாலர், முழு உடையுடன் கூடியது ஏறத்தாழ 200 டாலர் என்ற அளவில் இருந்தன. சிறுவர்களுக்கு 'வீரர்' தொகுப்பு ஒன்றும் இருந்தது. தலைமுடிக்குச் சிறிது பசை, கையில் ஒரு விளையாட்டு வாளும் கேடயமும், சுமார் 20 டாலர். இவ்விரண்டுக்கும் இடையிலான வேறுபாடு விலையில் மட்டும் இல்லை. சிறுவனுக்குக் கிடைப்பது அவன் பயன்படுத்தக்கூடிய ஒரு கருவி. சிறுமிக்குக் கிடைப்பது பிறர் பார்க்கக்கூடிய ஒரு தோற்றம்.

வயதும் உடையும்

இச்சேவையை நாடுவோர் மூன்று, நான்கு வயதிலேயே தொடங்குவது தற்செயலன்று. ஒருவர் ஆணா பெண்ணா என்பது உடையும் முடியும் மாறினாலும் மாறாது என்ற புரிதல், குழந்தைகளுக்கு ஐந்து முதல் ஏழு வயதுக்குள்தான் உறுதிப்படுகிறது என 1966 இல் லாரன்சு கோல்பர்க் விளக்கினார். அதுவரை உடையே அடையாளமாகத் தோன்றலாம்.

மே லிங் ஹாலிம், டயான் ரூபிள் முதலியோர் 2014 இல் வெளியிட்ட ஆய்வு இதனுடன் தொடர்புடையது. மூன்று, நான்கு வயதுப் பெண் குழந்தைகளின் பெற்றோரில் மூன்றில் இரு பங்கினர், தம் மகள் இளஞ்சிவப்புப் பாவாடை போன்ற உடைகளைத் தவிர வேறெதையும் அணிய மறுத்த காலம் ஒன்று இருந்ததாகக் கூறினர். இந்தப் பிடிவாதத்துக்கும் பெற்றோரின் உடை விருப்பத்துக்கும் குறிப்பிடத்தக்க தொடர்பு காணப்படவில்லை. மகள் இளவரசி உடை கேட்டு அழுதால் அது தம் வளர்ப்பின் குறை என வருந்தும் பெற்றோருக்கு இது ஓரளவு ஆறுதல் தரக்கூடும். ஆயினும், தான் பெண் என்பதை உறுதிப்படுத்திக்கொள்ள ஏதேனும் ஓர் அடையாளத்தைத் தேடும் வயதில், அந்த அடையாளமாக எது முன்வைக்கப்படுகிறது என்பது பெரியவர்களின் பொறுப்பிலேயே உள்ளது.

ஆய்வுகள்

2007 இல் அமெரிக்க உளவியல் சங்கத்தின் பணிக்குழு, சிறுமிகளைப் பாலியல் நோக்கில் சித்தரிப்பது குறித்த அறிக்கையை வெளியிட்டது. தன் உடலைப் பிறர் கண்ணால் பார்க்கப் பழகும் சிறுமிகளிடம் தாழ்வுணர்ச்சி, உணவுப் பழக்கக் கோளாறு, மனச்சோர்வு ஆகியவற்றுக்கான வாய்ப்பு கூடுகிறது என்பது அதன் சாரம். இளவரசி ஒப்பனையை எதிர்ப்போர் இவ்வறிக்கையை அடிக்கடி சுட்டுவதுண்டு. ஆனால் அதில் எடுத்தாளப்பட்ட ஆய்வுகளில் பெரும்பாலானவை பதின்ம வயதினரையும் இளம் பெண்களையும் பற்றியவை. நான்கு வயதுச் சிறுமிக்கு அவற்றை அப்படியே பொருத்த இயலாது.

சிறு வயதினரை நேரடியாக ஆராய்ந்தவர்கள் மத்திய புளோரிடா பல்கலைக்கழகத்தின் ஷரன் ஹேய்ஸ், ஸ்டேசி டான்ட்லெஃப்-டன் ஆகியோர். டிஸ்னி வளாகம் உள்ள அதே ஓர்லாண்டோ பகுதியில்தான் இப்பல்கலைக்கழகமும் உள்ளது. மூன்று முதல் ஆறு வயது வரையான 121 சிறுமிகளில் ஏறக்குறைய பாதிப்பேர் தாம் பருமனாகிவிடுவோமோ என்று கவலைப்பட்டனர். மூன்றிலொரு பங்கினர் தம் உடலில் ஏதேனும் ஒன்றை மாற்ற விரும்பினர். ஆனால் தோற்றத்தை வலியுறுத்தும் அசைபடக் காட்சிகளைப் பார்த்தவர்களுக்கும் பார்க்காதவர்களுக்கும் இடையே வேறுபாடு தென்படவில்லை. அதாவது, கவலை உண்மையானது. அதை அந்தச் சில நிமிடக் காட்சிகள் உண்டாக்கவில்லை.

நெடுநாள் ஆய்வை மேற்கொண்டவர் பிரிகாம் யங் பல்கலைக்கழகத்தின் சாரா கோய்ன். 2016 இல் வெளியான முதல் ஆய்வில் 198 குழந்தைகள் இடம்பெற்றனர். இளவரசிப் படங்களிலும் பொம்மைகளிலும் மிகுதியாக ஈடுபட்டவர்களிடம் ஓராண்டுக்குப் பின் 'பெண்பிள்ளைக்கு உரியது' எனக் கருதப்படும் நடத்தைகள் கூடுதலாக இருந்தன. இம்முடிவு நாளேடுகளில் பரவலாகப் பேசப்பட்டது. 2021 இல் வெளிவந்த தொடர் ஆய்வு அதற்கு மாறானது. ஏறத்தாழ ஐந்தாண்டுகளுக்குப் பின், சிறு வயதில் இளவரசியரை விரும்பிய பிள்ளைகள் பெண்களின் உரிமை, பணி பற்றி முற்போக்கான கருத்துகளையே கொண்டிருந்தனர். தம் உடல் பற்றிய மனநிறைவும் குறையவில்லை. இதற்கு முந்தைய முடிவுக்குக் கிடைத்த அளவு கவனம் கிடைக்கவில்லை.

இவை யாவும் திரைப்படங்களையும் பொம்மைகளையும் பற்றிய ஆய்வுகள். ஒப்பனை நாற்காலியைப் பற்றியவை அல்ல. திரையில் வரும் இளவரசி பாடுகிறாள், ஓடுகிறாள், சில சமயம் தவறு செய்து திருத்திக்கொள்கிறாள். வீட்டில் துண்டைத் தோளில் போட்டுக்கொள்ளும் சிறுமி, யார் அரக்கன், யார் குதிரை என்பதைத் தானே தீர்மானிக்கிறாள். ஒப்பனையகத்தில் அவள் செய்யவேண்டியது அசையாமல் அமர்ந்திருப்பது. எனவே முதலிரண்டைப் பற்றிய நல்ல முடிவுகளை மூன்றாவதற்கான சான்றிதழாகக் கொள்ள முடியாது. தீய முடிவுகளையும் அவ்வாறே.

விமரிசனங்கள்

எழுத்தாளர் பெக்கி ஓரென்ஸ்டைன் 2006 டிசம்பரில் நியூயார்க் டைம்ஸ் இதழில் எழுதிய கட்டுரையும், 2011 இல் வெளியிட்ட நூலும் இவ்விவாதத்தைப் பொதுவெளிக்குக் கொண்டுவந்தன. இளவரசி விளையாட்டைக் காட்டிலும், வேறு விளையாட்டுகளுக்கு இடமின்றி அது எங்கும் நிறைந்திருப்பதே அவரது கவலை. பிரித்தானியாவில் 2008 இல் தொடங்கிய 'பிங்க்ஸ்டிங்க்ஸ்' இயக்கமும் இதையொத்த கருத்தை முன்வைத்தது.

2013 இல் ஒப்பனை ஓர் இளவரசிக்கே செய்யப்பட்டது. 'பிரேவ்' (2012) படத்தின் நாயகி மெரிடா, கலைந்த சுருள்முடியும் வில்லும் உடைய சிறுமி. டிஸ்னி இளவரசியர் வரிசையில் அவளைச் சேர்த்தபோது வெளியான படத்தில் இடை ஒடுங்கி, கண்கள் ஒப்பனை பெற்று, வில் காணாமற்போயிருந்தது. தன் மகளை மனத்தில் வைத்து அப்பாத்திரத்தைப் படைத்த இயக்குநர் பிரெண்டா சாப்மன் வெளிப்படையாகக் கண்டித்தார். எதிர்ப்பு மனுவில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் கையொப்பமிட்டனர்.

பொருட்செலவு பற்றியும் குறை கூறப்படுகிறது. பூங்காவில் ஒப்பனை செய்துகொண்ட சிறுமிகளை ஊழியர்கள் 'இளவரசி' என்று விளித்து வணங்குவதுண்டு. அதைப் பார்த்துக்கொண்டு அருகில் நிற்கும் மற்றொரு சிறுமிக்கு, அந்த மதிப்பு எதற்குக் கிடைத்தது என்பது எளிதில் விளங்கிவிடும்.

ஒப்பனைப் பொருட்கள்

குழந்தைகளின் தோல் மெல்லியது. வண்ணமும் நறுமணமும் சேர்த்த பூச்சுகளால் ஒவ்வாமை ஏற்படலாம். 2019 மார்ச்சில், சிறுமிகளிடையே பரவலாக விற்கப்பட்ட சில ஒப்பனைப் பொருட்களில் கல்நார் கலந்திருப்பதை ஐக்கிய அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் உறுதிசெய்தது. பூச்சுத்தூளில் பயன்படும் டால்க் கனிமம், நிலத்தில் கல்நாருக்கு அருகே கிடைப்பதே இத்தகைய கலப்புக்குக் காரணம். அப்போது அப்பொருட்களைக் கட்டாயமாகத் திரும்பப்பெறச் செய்யும் அதிகாரம் அந்நிர்வாகத்துக்கு இல்லை. 2022 டிசம்பரில் இயற்றப்பட்ட சட்டமே அதனை வழங்கியது.

கொரோனாவுக்குப் பின்

பெருந்தொற்றின் காரணமாக 2020 மார்ச்சில் மூடப்பட்ட டிஸ்னி ஒப்பனையகங்கள் 2022 ஆகஸ்டில் மீண்டும் திறக்கப்பட்டன. 'பயிற்சியிலுள்ள தேவதைத் தாய்' எனப்பட்ட பணியாளர்கள், ஆண்களும் அப்பணியில் சேரும் வகையில், 'தேவதைத் தாயின் பயிலுநர்' எனப் பெயர் மாற்றப்பட்டனர்.