மொழிநூலும் செய்யுளாராய்ச்சியும்

மொழியின் இயல்பை ஆராயும் நூலும் செய்யுளின் நயத்தை ஆராயும் நூலும் வேறு வேறு துறையினவாகக் கருதப்படுதல் பிற்கால வழக்கு. பண்டைத் தமிழாசிரியரோ இவ்விரண்டனையும் ஒருநூலின் உறுப்புக்களாகவே வைத்தனர். தொல்காப்பியம் எழுத்து, சொல், பொருள் என்னும் மூன்றதிகாரமும், அதிகாரமொன்றற்கு ஒன்பதாக 27 இயல்களும் உடையது. எழுத்ததிகாரத்து ஓதப்பட்ட மாத்திரையே செய்யுளியலில் 34 உறுப்புக்களுள் முதற்கண் எண்ணப்படுகின்றது. எழுத்து அசையாய், அசை சீராய், சீர் அடியாய் வளர்ந்தே பாவாகின்றது. ஆகவே, ஒலியினை அறியாதான் பாவினை அறியான் என்பது பெறப்படும்.

இனி, இவ்விரண்டனுள் எது எதன்பொருட்டு என்பதனை இறையனாரகப்பொருள் உரைவரலாறு நன்கு விளக்குகின்றது. பாண்டிநாட்டிற் பன்னீரியாண்டு வற்கடம் நீங்கியபின், பாண்டியன் புலவர்களை மீண்டும் அழைப்பித்தான். எழுத்தும் சொல்லும் யாப்பும் வல்லார் கிடைத்தனர். பொருள் வல்லார் கிடைத்திலர். பொருள் பெறாத வழி ஏனையவற்றாற் பயனில்லையென அரசன் வருந்த, ஆலவாயிலிறைவன் 60 சூத்திரங்களை அருளிச்செய்தான் என்ப. அவற்றிற்குப் புலவர் பலரும் உரை வகுத்தனர். மெய்யுரை காண வைக்கப்பட்டவன் உருத்திரசன்மன் என்னும் ஊமைப் பிள்ளை. நக்கீரர் உரை கேட்டபோது அவன் பதந்தோறும் கண்ணீர் வார்ந்து மெய்ம்மயிர் சிலிர்ப்ப இருந்தான். அதுவே மெய்யுரையெனத் துணியப்பட்டது.

இதனை வரலாறெனக் கொள்ளாதாரும் இதன் கருத்தினை ஒதுக்கவியலாது. உரைக்குச் சொல்லறிவு வேண்டும். எனினும், அவ்வறிவு செய்யுளின் சுவையைக் கேட்பார் உள்ளத்திற் சேர்த்ததோ என்பதே முடிந்த சோதனை.

18ஆம் நூற்றாண்டிற் சிவஞான முனிவர் இந்நெறியே நின்றார். தொல்காப்பியப் பாயிரத்திற்கும் முதற்சூத்திரத்திற்கும் விருத்தி செய்த அவரே காஞ்சிப்புராண முதற்காண்டம் பாடினார். சிவஞானபோதத்திற்கு மாபாடியமும் வகுத்தார். இலக்கணமும் கவியும் தத்துவமும் அவர்பால் முரணின்றி நின்றன.

மேனாட்டில் 1958ஆம் ஆண்டு இந்தியானாப் பல்கலைக்கழகத்தில் நிகழ்ந்த மாநாட்டில், ரோமன் யாக்கப்சன் என்னும் மொழிநூலறிஞர், செய்யுளாராய்ச்சி மொழிநூலின் பகுதியே என்று வற்புறுத்தினார். இரண்டும் பிரியற்பாலன அல்ல என்னுமளவில் அவர் கூற்றுத் தமிழ்மரபோடு ஒக்கும். எனினும், மொழிநூலை முதலாகவும் செய்யுளை அதன் கூறாகவும் அவர் கொண்டார்; தமிழ்மரபோ எழுத்தினையும் சொல்லினையும் பொருளுக்குச் செல்லும் வழியெனக் கொண்டது.

வழியறியாதான் ஊர் சேரான். வழியினையே அளந்து நிற்பானும் ஊர் சேரான். பேசமாட்டாத பிள்ளையின் கண்ணீரை உரைக்கு அளவுகோலாக வைத்தவர் இவ்விரண்டனையும் அறிந்தவராவர்.