ஆன்டிபாஸ்போலிப்பிட் கூட்டறிகுறி: எதிர்ப்பொருள் அமைவும் மறுஉறைவு அபாயமும்

ஆன்டிபாஸ்போலிப்பிட் கூட்டறிகுறி ஒரு தன்னெதிர்ப்பு நோய். கால்சிரையிலோ நுரையீரலிலோ மூளைத் தமனியிலோ இரத்தம் கட்டியாக உறைவதும், கர்ப்பம் மீண்டும் மீண்டும் கலைவதும் இதன் முகங்கள். 1983இல் லண்டனில் கிரஹாம் ஹியூஸும் அவருடன் பணியாற்றியவர்களும் விவரித்ததால் ஹியூஸ் நோய் என்றும் பெயர். பெயரில் பாஸ்போலிப்பிட் என்ற கொழுப்பு இருந்தாலும், எதிர்ப்பொருள்கள் முக்கியமாகத் தாக்குவது அதன்மேல் ஒட்டும் பீட்டா-2 கிளைக்கோபுரதம்-1 என்ற இரத்தப் புரதத்தைத்தான்.

ஒருமுறை உறைவு கண்டவருக்கு அது திரும்புமா என்பதற்கான தடயம் மூன்று பரிசோதனைகளில் இருக்கிறது: லூபஸ் ஆன்டிகோயாகுலன்ட், கார்டியோலிப்பின் எதிர்ப்பொருள், பீட்டா-2 கிளைக்கோபுரத எதிர்ப்பொருள். இவற்றில் முதலாவது விந்தையானது. ஆன்டிகோயாகுலன்ட் என்றால் உறைதலைத் தடுப்பது. சோதனைக் குழாயில் அது அப்படித்தான் நடந்துகொள்கிறது. அங்கே உறைதலுக்குத் தேவையான பாஸ்போலிப்பிடை எதிர்ப்பொருள்கள் மறித்துவிடுவதால் இரத்தம் தாமதமாக உறைகிறது. உடலுக்குள்ளோ அதே எதிர்ப்பொருள்கள் இரத்தக் குழாயின் உட்சுவரையும் தட்டணுக்களையும் தூண்டிவிட்டு உறைவை உண்டாக்குகின்றன. இதைக் கண்டறியும் முக்கியச் சோதனை ஒன்றில் பயன்படுவது, நம் வயல்வெளிகளில் எல்லோரும் அஞ்சும் கண்ணாடி விரியனின் நஞ்சு. உறைதற்காரணி பத்தை அது நேரடியாக முடுக்கிவிடும். மூன்றில் உறைவு அபாயத்தோடு மிக நெருங்கிய தொடர்புள்ளதும் இந்த லூபஸ் ஆன்டிகோயாகுலன்ட்தான்.

மூன்றுமே இருப்பதை மும்மை நேர்நிலை என்பார்கள். இத்தாலியின் பதுவாவைச் சேர்ந்த விட்டோரியோ பெங்கோ குழுவினர் 2010இல் வெளியிட்ட ஆய்வில், மும்மை நேர்நிலை கொண்ட 160 நோயாளிகளில் 10 ஆண்டுகளில் உறைவு திரும்பிய விகிதம் சுமார் 44 விழுக்காடு. உறைவே காணாமல் மூன்று எதிர்ப்பொருள்களை மட்டும் கொண்டிருந்த 104 பேரைத் தொடர்ந்த அவர்களின் மற்றோர் ஆய்வில், 10 ஆண்டுகளில் சுமார் 37 விழுக்காட்டினருக்கு முதல் உறைவு வந்தது. இதற்கு நேர்மாறாக, கார்டியோலிப்பின் எதிர்ப்பொருள் மட்டும் குறைந்த அளவில் தென்பட்டால் அபாயம் மிகக் குறைவு. அந்த ஒற்றைப் பரிசோதனைத் தாளை வைத்துக்கொண்டு ஒருவரை ஆயுள் முழுக்க அச்சத்தில் வாழவிடுவது அநியாயம். எதிர்ப்பொருளின் ஐ.ஜி.ஜி. வகைக்கு ஐ.ஜி.எம். வகையைவிட எடை அதிகம். 2023ஆம் ஆண்டின் வகைப்பாட்டு விதிகளில் இந்நோய் என வகைப்படுத்த ஐ.ஜி.எம். மட்டும் போதுமானதல்ல.

தொற்றுநோய்களின்போது இந்த எதிர்ப்பொருள்கள் தற்காலிகமாகத் தலைகாட்டி மறையும். அதனால்தான் குறைந்தது 12 வாரம் கழித்து மறுபரிசோதனை செய்யாமல் முடிவு கட்டக்கூடாது. உறைவைத் தடுக்கும் மருந்துகளான ஹெப்பாரின், வார்ஃபரின், ரிவரோக்சபான் ஆகியவை லூபஸ் ஆன்டிகோயாகுலன்ட் முடிவைக் குழப்பும் என்பதால், என்ன மருந்து எடுக்கிறார் என்பதைப் பரிசோதனைக்கூடத்திடம் சொல்வது அவசியம்.

சிரையில் உறைவு கண்டவர்களுக்கு, இரத்தம் உறைய எடுக்கும் நேரத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். அளவை 2க்கும் 3க்கும் இடையில் வைத்து வார்ஃபரின் நீண்டகாலம் தரப்படுகிறது. அடிக்கடி இரத்தம் எடுக்கும் தொல்லை இல்லாத ரிவரோக்சபான் போன்ற புதிய மாத்திரைகள் போதாதா என்ற கேள்விக்கு 2018இல் கடுமையான விடை கிடைத்தது. மும்மை நேர்நிலை கொண்ட 120 பேரிடம் நடந்த இத்தாலிய ஆய்வில் ரிவரோக்சபான் எடுத்த 59 பேரில் 7 பேருக்குப் பக்கவாதமோ மாரடைப்போ வந்தது. வார்ஃபரின் எடுத்த 61 பேரில் ஒருவருக்கும் உறைவு நிகழ்வு இல்லை. ஆய்வு பாதியிலேயே நிறுத்தப்பட்டது. கர்ப்ப காலத்தில் வார்ஃபரின் சிசுவைப் பாதிக்கும். அப்போது குறைந்த அளவு ஆஸ்பிரினும் ஹெப்பாரின் ஊசியும் அதன் இடத்தைப் பிடிக்கின்றன.